சேசிஸின் உட்புறத் துருவை நிறுத்துவது எப்படி?

கேள்வி: பழைய_சக்கரம்

வணக்கம். என்னிடம் 1960களில் தயாரான கார் ஒன்று இருக்கிறது. தனிச் சேசிஸின் (வண்டியைத் தாங்கும் இரும்பு அடிச்சட்டம்) மேல் பாடியைப் பொருத்தும் வகையைச் சேர்ந்தது. வெளியிலிருந்து பார்த்தால் சேசிஸ் கறுப்புப் பூச்சோடு உறுதியாகத்தான் தெரிகிறது. ஆனால் பின் அச்சுக்கு மேலாகச் சட்டம் வளைந்து ஏறும் இடத்தில் சுத்தியலால் லேசாகத் தட்டியபோது உள்ளே செதில்கள் உதிரும் ஓசை கேட்டது. அடியிலுள்ள துளை வழியாக ஒரு கைப்பிடி செந்தூளும் கொட்டியது. நான்கு பக்கமும் மூடிய பெட்டிச் சட்டம் என்பதால் உள்ளே கை நுழையாது. துருமாற்றித் திரவத்தை ஊற்றினாலே போதும் என்கிறார்கள் சிலர். பாடியை இறக்கிவிட்டுச் சேசிஸை உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பதுதான் தீர்வு என்கிறார்கள் வேறு சிலர். பாடியை இறக்காமல் செய்யக்கூடிய நம்பகமான வழி உண்டா? எந்த நிலையில் வெட்டி வெல்டிங் செய்தே ஆக வேண்டும்?

மறுமொழி: பட்டறைக்_குறிப்பு

எந்த மருந்து என்று யோசிப்பதற்கு முன், தகட்டில் இன்னும் எவ்வளவு இரும்பு மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். நல்ல தகடு தட்டினால் கணீரென்று ஒலிக்கும். அரித்துப்போன தகடு மந்தமாக ஒலிக்கும், கூரான கம்பியை அழுத்தினால் உள்வாங்கும். தார் போன்ற தடித்த அடிப்பூச்சு இருந்தால் அதைச் சுரண்டிவிட்டுத்தான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். ஏனெனில் அந்தப் பூச்சு காலப்போக்கில் இறுகி வெடித்து, வெடிப்புக்குள் நீரைத் தேக்கிவைத்துக்கொண்டு, மேலுக்கு மட்டும் பளபளப்பாக நிற்கும். பட்டி வைத்து மறைத்த ஓட்டைகளைக் காந்தம் காட்டிக்கொடுத்துவிடும். மீயொலித் தடிமன்மானி கிடைத்தால், துரு பிடிக்காத பகுதியின் அளவோடு சந்தேகப் பகுதியின் அளவை ஒப்பிடுங்கள். ஏற்கெனவே உள்ள துளைகள் வழியே வளையும் குழாய்க் கேமராவைச் செலுத்தினால் உட்புறத்தின் பெரும்பகுதியைக் கண்ணால் பார்த்துவிடலாம்.

இரு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ள மூட்டுகளைத் தனியாகக் கவனியுங்கள். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், மூட்டு உப்பி வாய் பிளந்திருக்கும். அப்படி உப்பிய மூட்டுக்குள் எந்தத் திரவமும் ஒழுங்காகப் போய்ச் சேராது. வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைப்பதே முறை. ஸ்பிரிங் தாங்கி, ஸ்டீயரிங் பெட்டி, சஸ்பென்ஷன் ஆகியவை பொருந்தும் இடங்களில் ஓட்டையோ மெலிவோ தெரிந்தால் மருந்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மறுமொழி: மெழுகு_பிரியர்

தகடு தேறிவிட்டது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ உள்ள துருமாற்றிகள், தாம் நேரடியாகத் தொடும் மெல்லிய துருப்படலத்தை மட்டுமே மாற்றும். செதிலாகத் தடித்த துருவின் மேல் ஊற்றினால் மேற்பரப்பு கறுக்குமே தவிர, அடியில் அரிப்பு தொடரும். அதோடு மூட்டுகளில் தேங்கும் அமிலத்தைக் கழுவி எடுக்கவும் வழியில்லை. ஆகவே மூடிய சட்டத்திற்குள் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது நீர் வெளியேறும் வழியைச் சீராக்குவதுதான். சட்டத்தின் அடியிலுள்ள வடிகால் துளைகள் சேற்றால் அடைபட்டிருக்கும். கம்பியால் குத்தித் திறந்துவிட்டு, நெகிழ்வான குழாயை உள்ளே விட்டு, வெளிவரும் நீர் தெளியும்வரை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உப்பு படிந்த சாலைகளில் ஓடிய வண்டி என்றால் இந்தக் கழுவல் மிகவும் முக்கியம். உப்பு காற்றின் ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்வதால், மழையில் நனையாத வண்டியிலும் அரிப்பு நிற்காது. அழுத்தக் காற்றால் தளர்ந்த செதில்களை ஊதித் தள்ளிய பின், வெதுவெதுப்பான காற்றைச் செலுத்திப் பல நாட்கள் உலரவிடுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் ஈரத்தை உள்ளே வைத்து மூடியதாகிவிடும்.

அதன் பிறகு, எல்லாப் பக்கமும் பீய்ச்சும் முனையுள்ள நீண்ட குழாயைச் சட்டத்தின் கடைசிவரை நுழைத்து, மெல்ல வெளியே இழுத்தபடியே உட்குழி மெழுகைத் தெளியுங்கள். இறுகாமல் இளகிய நிலையிலேயே இருக்கும் இந்த மெழுகு, மிச்சத் துருவுக்குள்ளும் மூட்டின் இடுக்குகளுக்குள்ளும் ஊர்ந்து சென்று நீரையும் காற்றையும் தடுக்கும். சட்டம் சற்றுச் சூடாக இருந்தால் இன்னும் நன்றாக ஊரும். கரைப்பான் ஆவி தீப்பற்றக்கூடியது. காற்றோட்டமும் முகக்கவசமும் அவசியம். பிரேக் டிஸ்க், டிரம், சைலென்சர் ஆகியவற்றின் மேல் படாமல் மறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்: பழைய_சக்கரம்

மிக்க நன்றி. கேமரா விட்டுப் பார்த்தேன். வளைவின் அடித்தகடு ஓரிடத்தில் காகிதம்போல் மெலிந்திருக்கிறது, மற்ற இடங்கள் தேறும். வெல்டிங், மெழுகு இரண்டில் எது முதலில்? துத்தநாக முக்கலைப் பற்றி யாருமே சொல்லவில்லையே?

மறுமொழி: பட்டறைக்_குறிப்பு

வெல்டிங்தான் முதலில். மெழுகு பூசிய சட்டத்தில் தீப்பொறி பட்டால் உள்ளுக்குள்ளேயே பற்றிக்கொள்ளும். பற்றாவிட்டாலும் வெல்டிங்கின் சூடு அந்தப் பகுதிப் பூச்சை எரித்துவிடும். வெட்டுவதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். சட்டத்தை ஒட்டி ஓடும் பெட்ரோல் குழாய், பிரேக் குழாய் இரண்டையும் விலக்கிவையுங்கள். வெட்டும் இடத்துக்கு இருபுறமும் முட்டுக்கொடுக்காவிட்டால் சேசிஸ் தொய்ந்து, பிறகு கதவு சரியாகப் பொருந்தாது. மெலிந்த இடத்தின் மேலேயே ஒட்டுப் போடக் கூடாது. நல்ல இரும்பு தட்டுப்படும்வரை வெட்டிவிட்டு, அதே தடிமனுள்ள தகட்டைச் சேர்க்க வேண்டும்.

துத்தநாக முக்கல் சிறந்ததுதான். ஆனால் பாடி, என்ஜின், வயரிங் அத்தனையும் இறக்கிய வெற்றுச் சேசிஸுக்கே பொருந்தும். சுமார் 450 டிகிரி செல்சியஸில் உருகிய துத்தநாகத்தில் முக்குவதால் சட்டம் முறுக்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு. காற்று வெளியேறத் துளையில்லாத குழி இருந்தால் வெடிக்கவும் செய்யும். முழுச் சீரமைப்புக்கு இறங்கியவர்களுக்கும், லேண்ட் ரோவர் போலத் துத்தநாகம் பூசிய புதுச் சேசிஸ் விற்பனைக்குக் கிடைக்கும் வண்டிகளை வைத்திருப்பவர்களுக்கும் அது சரி. ஒரே ஒரு தகடு மெலிந்ததற்காக உங்கள் வண்டியைப் பிரித்துப்போட வேண்டியதில்லை.

மறுமொழி: மெழுகு_பிரியர்

ஒன்றை விட்டுவிட்டேன். மெழுகு சில நாட்கள் சொட்டி நின்றதும் வடிகால் துளைகளை மீண்டும் கம்பியால் குத்திவிடுங்கள். மெழுகே அவற்றை அடைத்துவிடுவதுண்டு. புதுத் தகட்டின் வெல்டிங் வரிக்கு உட்புறமாக இரண்டாம் முறையும் தெளித்துவிட்டு, ஆண்டுக்கு ஒரு முறை கேமரா விட்டுப் பார்த்து, காய்ந்து வெளிறிய இடங்களில் மட்டும் மறுபடியும் அடித்தால் போதும்.