ஏரியடியில் நூறு வருஷம் தாங்கிய கப்பல் கரையில் ஏன் உளுத்தது?

கேள்வி (தல்லாகுளம்): மிச்சிகன் ஏரியில் 1864-இல் மூழ்கிய ஆல்வின் கிளார்க் பாய்மரக் கப்பலை 1969-இல் தூக்கினார்கள். 1994-இல் இடித்தே விட்டார்கள். ஏன் சார்?

பதில்: நன்னீரில் மரத்தைத் துளைக்கும் கப்பல்புழு கிடையாது, அடியில் குளிர் வேறு. ஆனாலும் பாக்டீரியா மரத்தின் செல்சுவரை மெல்ல அரிக்கும், அந்த இடத்தைத் தண்ணீர்தான் தாங்கி நிற்கும். வெளியே அது ஆவியானதும் செல்கள் நசுங்கி, பலகை குறுக்குவாட்டில் சுருங்கி வெடிக்கும். அப்புறம் பூஞ்சை.

இன்னொருவர்: இதற்கு மருந்து பாலிஎத்திலீன் கிளைக்கால், மரத்துக்குள் தண்ணீர் இருந்த இடத்தை நிரப்பும் மெழுகு மாதிரியான பொருள். கடலடியிலிருந்து தூக்கிய சுவீடனின் வாசா கப்பலுக்கு அதை 17 வருஷம் தெளித்தார்கள். கிளார்க்குக்கு அந்த அளவு பணம் சேரவில்லை. தூக்குவதைவிடப் பராமரிப்பதுதான் செலவு!

கேட்டவர்: கண்மாய்ச் சேற்றில் கிடைத்த பழைய மரத்துக்கும் இதேதானாண்ணே?

பதில்: அதேதான். மதுரை வெயிலில் சீக்கிரமே பிளந்துவிடும். பிளாஸ்டிக் தொட்டியில் முழுக ஊறப்போட்டு, நிழலில் மூடி வையுங்கள். தண்ணீர் நாறினால் மாற்றுங்கள். வார்னிஷ் அடிக்காதீர்கள், ஈரமரத்தில் பிடிக்காமல் உரியும். தொல்லியல் துறைக்கும் சொல்லிவிடுங்கள்.