சந்தாவா, சொந்தமா? எது நம்மை அதிகம் செலவழிக்க வைக்கிறது?

திருகாணி:
இப்போது எதைத் தொட்டாலும் மாதச் சந்தா. போட்டோஷாப் மாதிரி மென்பொருள்களை ஒரே தொகுப்பாக விற்ற அடோபி கம்பெனி 2012ல் விட்ட சிஎஸ்6தான் அந்தத் தொகுப்பில் ஒரே தடவை காசு கொடுத்து வைத்துக்கொள்ளக்கூடிய கடைசிப் பதிப்பு, 2013ல் இனிமேல் புதுப் பதிப்பெல்லாம் சந்தாவில்தான் என்று சொல்லிவிட்டார்கள். என் கட்சி இதுதான்: சந்தா நம்மை யோசிக்காமல் செலவழிக்கப் பழக்குகிறது. பொருளை வாங்குவதென்றால் பத்து தடவை யோசிப்போம். சந்தாவில் முதல் மாதம் மட்டும் யோசனை, அப்புறம் காசு அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

வாடகைசைக்கிள்:
வாங்கும் முன் பத்து தடவை யோசிக்கிறீர்கள், சரி, வாங்கிய பிறகு? பரணில் ஏறிப் பாருங்கள். ஒரே ஒரு ஓட்டை போட்ட டிரில்லிங் மெஷின், துணி காயப்போட மட்டும் பயன்படும் உடற்பயிற்சி சைக்கிள், எதையும் தூக்கிப் போட மனசு வராது. கானமன், நெட்ச், தேலர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1990ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் பாதிப் பேருக்கு ஆளுக்கொரு காபிக் குவளை கொடுத்தார்கள். குவளை கிடைத்தவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, கிடைக்காதவர்கள் கொடுக்க நினைத்த விலையைப்போல் சுமார் இரண்டு மடங்கு! கொஞ்ச நேரம் கையில் இருந்த குவளைக்கே இந்தப் பாசம் என்றால், வருஷக்கணக்காக வைத்திருக்கும் பொருளை எப்படி விடுவோம்? வாடகைக்கு எடுப்பவனுக்கு இந்தத் தொல்லை இல்லை, வேலை முடிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவான்.

திருகாணி:
பரணில் கிடப்பதாவது கண்ணில் பட்டு உறுத்தும். சந்தா உறுத்தக்கூட உறுத்தாது. டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்க உடற்பயிற்சிக் கூடங்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்து 2006ல் எழுதியது இது. மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் மாதத்துக்குச் சராசரியாக 4.3 தடவைதான் போயிருக்கிறார்கள், அதாவது ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல், அதே கூடத்தில் 10 தடவைக்கான சீட்டு வாங்கியிருந்தால் தடவைக்கு 10 டாலரோடு முடிந்திருக்கும். கடைசியாகப் போன நாளுக்கும் சந்தாவை நிறுத்திய நாளுக்கும் நடுவில் சராசரியாக இரண்டு மாதத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. முட்டாள்கள் என்று சொல்ல வரவில்லை, அடுத்த மாதம் ஒழுங்காகப் போவோம் என்று எல்லோரும்தான் நம்புகிறோம். அந்த நம்பிக்கைக்குத்தான் மாதாமாதம் பில் வருகிறது.

பரண்பூனை:
நடுவில் வருகிறேன். இருவரும் சொந்தம் சொந்தம் என்கிறீர்கள், டிஜிட்டலில் எது சொந்தம்? 2009ல் அமேசான், ஜார்ஜ் ஆர்வெலின் இரண்டு நாவல்களைக் காசு கொடுத்து வாங்கியவர்களுடைய கிண்டில் என்ற மின்னூல் கருவியிலிருந்தே அழித்துவிட்டது (விற்றவருக்கு உரிமை இல்லையாம், பணத்தைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்பும் கேட்டார்கள்). மைக்ரோசாஃப்ட் 2019ல் மின்னூல் கடையை மூடியபோதும் வாங்கிய புத்தகங்கள் போய்விட்டன, பணம்தான் திரும்பி வந்தது. சொந்தக்காரன் மாதிரி விலை கொடுத்துவிட்டு வாடகைக்காரனாக இருப்பதற்கு, நேரடியாகச் சந்தா கட்டிவிட்டுப் போகலாம்.

வாடகைசைக்கிள்:
அதுதான் நானும் சொல்வது. இன்னொன்று, பொருள் தயாரித்தவனுடையதாகவே இருந்தால் அது உழைக்க வேண்டும் என்ற கவலையும் அவனுடையதுதான். 1959ல் வந்த ஜெராக்ஸ் 914 நகல் இயந்திரத்தைப் பெரும்பாலும் வாடகைக்குத்தான் விட்டார்கள், மாதம் 95 டாலர், அதில் 2000 நகல் சேர்த்தி, அதற்கு மேல் எடுத்தால் நகலுக்கு இவ்வளவு என்று கணக்கு. இயந்திரம் நின்றுபோனால் நஷ்டம் கம்பெனிக்கு. விமான எஞ்சினுக்கு ஓடிய மணிக்கணக்கில் காசு வாங்கும் முறை 1960களிலேயே வந்துவிட்டது, அங்கேயும் இதே கதைதான்.

திருகாணி:
ஜெராக்ஸை நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள், நன்றி. அந்த இயந்திரம் வந்த பிறகு அலுவலகங்களில் கம்பெனியே எதிர்பார்க்காத அளவுக்கு நகல் எடுத்தார்கள். பெரிய விலை கண்ணில் படாவிட்டால் கை தாராளமாகிவிடுகிறது.

அதைவிடப் பெரிய விஷயம், சொந்தக்காரன் பழுது பார்ப்பான், இரவல் கொடுப்பான், தேவையில்லை என்றால் விற்றுக் கொஞ்சம் காசு பார்ப்பான். சந்தாக்காரன் நிறுத்தலாம், அவ்வளவுதான், நிறுத்தினால் கையில் மிச்சம் ஒன்றும் இருக்காது. பல வருஷ வேலை முழுக்க அந்த மென்பொருளில் மட்டுமே ஒழுங்காகத் திறக்கும் கோப்புகளாக இருந்தால் நிறுத்தவும் முடியாது. விலையை ஏற்றினாலும் முனகிக்கொண்டே கட்டுவோம்.

பரண்பூனை:
பிஎம்டபிள்யூ 2022ல் சில நாடுகளில் இருக்கையைச் சூடாக்கும் வசதிக்கே மாதச் சந்தா கேட்டதே, கருவி ஏற்கெனவே காருக்குள் இருக்கும்போது! எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த வருஷமே கைவிட்டார்கள். முனகல் எல்லா இடத்திலும் வீணாவதில்லை.

வாடகைசைக்கிள்:
கோப்பு மாட்டிக்கொள்ளும் விஷயத்துக்கு என்னிடம் பதில் கிடையாது, அதற்குப் பெயர் வாடகையே இல்லை, பிணைக்கைதியாகப் பிடித்து வைப்பது. ஆனால் டிரில்லிங் மெஷினைத் திருப்பிக் கொடுத்தாலும் சுவரில் போட்ட ஓட்டை என்னிடமேதான் இருக்கும், கடைக்காரர் அதைத் திருப்பிக் கேட்கமாட்டார். நான் பேசுவது அந்த மாதிரிப் பொருளைப் பற்றி, நீங்கள்தான் முதல் பதிவிலிருந்தே மென்பொருள் பக்கம் இழுத்துக்கொண்டு இருக்கிறீர்கள்.