660 டர்போ கார்: அக்சிலேட்டர்ல காலை அமத்தினா பின்னால ஆரோ இழுத்துப் பிடிக்கிற மாதிரி, உதவி தேவை

உவர்மலை:
எல்லாருக்கும் வணக்கம். என்னட்ட இருக்கிறது ஜப்பான்ல இருந்து இறக்கின 660 சிசி டர்போ கார், மூண்டு சிலிண்டர், சிவிடி ஓட்டோ கியர், 2014 மொடல், 98 ஆயிரத்துச் சொச்சம் ஓடியிருக்கு. திருகோணமலை டவுனுக்குள்ள, மார்க்கெட், ஸ்கூல், கோணேசர் கோயில் எண்டு ஓடக்குள்ள ஒரு பிரச்சினையும் இல்ல, ஸ்டார்ட் ஒரு அடில வரும், ஐட்லிங்கும் நல்லா நிக்கும். ஹபரண ரோட்டில போனாத்தான் வினை. போன கிழமை கந்தளாய் தாண்டி முன்னால ஒரு நெல்லு லொறி, எதிர்ல ரோட்டு வெறுமை, சரி எண்டு காலை முழுசா அமத்தினன். ஆர்பிஎம் முள்ளு 3,000 தாண்டி ஏறக்குள்ள தட் தட் எண்டு ரெண்டு மூண்டு தரம் இழுத்து விட்டுது, லொறியின்ட பின் சில்லுக்குப் பக்கத்தில வண்டி நிண்ட மாதிரி, பின்னால அம்மா முருகா எண்டு கத்துறா. காலை எடுத்துத் திருப்பி மெதுவா அமத்தினாப் போகுது. ஏசி போட்டா இன்னும் மோசம்.

இதுவரை செய்தது: ஏர் ஃபில்டர் மாத்தினன், டாங்குக்குள்ள ஊத்துற க்ளீனர் ஒரு போத்தல் ஊத்தினன், 92 ஒக்டேன் பெற்றோல விட்டிட்டு ஒரு டாங்க் 95 அடிச்சுப் பாத்தன், காசுதான் போச்சு. ஒரு கராஜ்ல டர்போ போயிட்டு, ஒரு லட்சத்து எண்பதாயிரம் எண்டினம். இன்னொரு இடத்தில பெற்றோல் பம்ப் எண்டினம். ரெண்டு பேரும் பொனட்டத் திறந்து பாத்ததோட சரி. ஆரத்தான் நம்புறது?

கிண்ணியா:
பம்ப்தான் மச்சான். எனக்கும் இதே கதை, பம்ப் மாத்தின பிறகு அம்பு மாதிரிப் போகுது.

நிலாவெளி:
உள்ள போற காத்த அளக்கிற மாஸ் ஏர் ஃப்ளோ சென்சரக் கழட்டி ஸ்ப்ரே அடிச்சுக் கழுவுங்க, 10 நிமிச வேலை.

உவர்மலை:
தம்பி, இந்த எஞ்சின்ல அது இல்ல. இன்டேக்ல காத்தின்ட அமுக்கம் பாக்கிற மேப் சென்சர் மட்டும்தான். நானும் முதல்ல தேடித் தேடிப் பாத்தனான் 😀

சீனன்குடா பழைய மெக்கானிக்:
தம்பி, ஒரு சாமானும் வாங்காதேங்கோ. மூண்டு கேள்வி கேக்கிறன், யோசிச்சுச் சொல்லுங்கோ. அந்த இழுப்பு வெட்டி வெட்டி அடிக்குதா, இல்லாட்டி பலூன்ல காத்து போற மாதிரி வேகம் மெதுவாச் சோருதா? ரெண்டாவது, இழுக்கக்குள்ள எஞ்சின் லைட் மின்னினதா? மூண்டாவது, இது தொடங்க முன்னம் வண்டிக்கு என்ன செய்தனீங்கள்? சர்வீஸ், கழுவல், மழை வெள்ளம், எதெண்டாலும்.

உவர்மலை:
ஐயா, வெட்டி வெட்டித்தான் அடிக்குது. லைட் ஒரு நாலஞ்சு தரம் மின்னிச்சு, பேந்து தானா நிண்டிட்டுது, அதால நான் பெருசா எடுக்கேல்ல. மூண்டாவது கேள்விக்கு இப்பதான் ஞாபகம் வருது, நிலாவெளி பீச்சுக்குப் போய் மண்ணும் உப்புமா வந்தது எண்டு சர்வீஸ் ஸ்டேஷன்ல விட்டன், பொடியன் பொனட்டையும் திறந்து பிரஷர் தண்ணி அடிச்சவன், நான் பக்கத்தில நிண்டு நல்லா அடி தம்பி எண்டும் சொன்னனான். அதுக்கு ஒரு ரெண்டு கிழமைக்குப் பிறகுதான் இது.

சீனன்குடா பழைய மெக்கானிக்:
அப்ப பாதி நோய் விளங்கிட்டு. லைட் நிரந்தரமா எரியிறது வேற, மின்னுறது வேற. மின்னினா மிஸ்ஃபயர், சிலிண்டருக்குள்ள பெற்றோல் சரியா எரியேல்ல எண்டது, எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தமாக்கிற கட்டலிட்டிக்கச் சூடாக்கி நாசமாக்கும், அதால இது சரியாகும் வரைக்கும் காலை முழுசா அமத்தாதேங்கோ, ஓவர்டேக் வேண்டாம்.

டர்போ போறதெண்டா நீலப் புகை வரும், சைரன் மாதிரி ஊளைச் சத்தம் வரும், ஒயில் குறையும். நீங்கள் மூண்டும் சொல்லேல்ல. பம்ப் இளைச்சா பெரும்பாலும் வெட்டாது, மேல போகப் போகச் சோரும், அதுவும் ஒரே சீராச் சோரும். எனக்கு மணக்கிறது பொறி விடுற பிளக், இல்லாட்டி அதுக்கு வோல்ட் குடுக்கிற கொயில்.

கொழும்பு ரோட் பொடியன்:
ஐயா, பிளக் பிழையெண்டா ஐட்லிங்லயும் நடுங்கோணும்தானே? அவர் ஐட்லிங் நல்லம் எண்டுறார்.

சீனன்குடா பழைய மெக்கானிக்:
நல்ல கேள்வி. டர்போ காத்த அமத்திச் சிலிண்டருக்குள்ள ஏத்துது. காத்து எவ்வளவு நெருக்கமா இருக்கோ அவ்வளவுக்குப் பொறி பாயிறது கஷ்டம், கொயிலுக்குக் கூட வோல்ட் வேணும். ஐட்லிங்ல சிலிண்டருக்குள்ள காத்து குறைவு, தேஞ்ச பிளக்கும் சமாளிச்சிரும். காலை அமத்தி பூஸ்ட், அதான் டர்போ தாற காத்து அமுக்கம், ஏறினவுடனதான் இடைவெளியத் தாண்டேலாமப் பொறி வேற வழி தேடும், பிளக்கின்ட வெள்ளைப் பீங்கான் மேலால, இல்லாட்டி கொயில் ரப்பர் வெடிப்பால பக்கத்து இரும்புக்குப் பாஞ்சிடும். மின்சாரம் சோம்பேறி தம்பி, லேசான வழிதான் பாக்கும். பிளக் இருக்கிற குழி, கிணறு எண்டுவம், அதுக்குள்ள தண்ணி நிண்டிருந்தா கேக்கவே வேணாம்.

செய்ய வேண்டியது: போன்ல ஓடுற ப்ளூடூத் ஸ்கானர் ஒண்டு ஆரிட்டயாவது இரவல் வாங்கி பென்டிங் கோட், எஞ்சின் கொம்பியூட்டர் குறிச்சு வச்ச பிழை எண், பாருங்கோ, லைட் அணைஞ்சாலும் அதுக்குள்ள கிடக்கும். பி0301, 302, 303 எண்டு கடைசி எண் எந்தச் சிலிண்டர் எண்டு சொல்லும். பிறகு எஞ்சின் ஆற விட்டு மூண்டு பிளக்கையும் கழட்டி ஃபோட்டோ போடுங்கோ. கழட்ட முன்னம் கிணத்துக்குள்ள காத்தடிச்சு மண்ணை எடுக்க மறக்காதேங்கோ, அது சிலிண்டருக்குள்ள விழுந்தா வேற செலவு.

உவர்மலை:
ரெண்டு நாளா ஆள் இல்ல, மன்னிக்கோணும். ஒஃபீஸ்ல ஒருத்தரிட்ட ஸ்கானர் இருந்தது. பென்டிங்ல பி0303 ஒண்டுதான்.

பிளக் மூண்டும் கழட்டினன். கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழும் ஏழு சூடு எண்டுற மாதிரி என்ட மூண்டு பிளக்கும் ஒரே நிறமில்ல. ஒண்டும் ரெண்டும் பரவாயில்ல, மண்ணிறம். மூண்டாவது முனை கறுப்பு, வெள்ளைப் பீங்கான்ல மேல இருந்து கீழ பென்சிலால கோடு கீறின மாதிரி ஒரு கறுப்புக் கோடு, துடைச்சும் போகேல்ல. அந்தக் கொயில் ரப்பருக்குள்ளயும் அதே இடத்தில அதே கோடு. இடைவெளி தகடு வச்சு அளந்தன், மூண்டும் 1.1 மில்லிமீட்டர் கிட்ட. வண்டிப் புத்தகத்தில 0.7 எண்டு கிடக்கு. 98 ஆயிரத்துக்கும் ஒருக்காவும் மாத்தேல்ல போல.

சீனன்குடா பழைய மெக்கானிக்:
அந்தக் கோடுதான் கள்ளன் போன பாதை. பிளக் மட்டும் புதுசு போட்டு அந்தப் பழைய ரப்பரையே மேல மாட்டினா புதுப் பிளக்கிலயும் கொஞ்ச நாள்ல கோடு விழும், ரெண்டும் சேந்துதான் போகோணும். ஆனா கொயிலுக்குக் காசு குடுக்க முன்னம் ஒரு சோதனை: புதுப் பிளக் மூண்டும் போட்டிட்டு, மூண்டாவது கொயில முதலாம் சிலிண்டருக்கு மாத்திப் போடுங்கோ, முதலாவத மூண்டுக்கு. கோட் 301க்குப் போனா கொயில்தான். போகாம 303லயே நிண்டா வேற இடம் தேடுவம். கடைல குடுக்கிற பிளக்க அப்படியே போடாதேங்கோ, டர்போ இல்லாத எஞ்சினுக்கு உள்ளதையும் பெட்டி ஒண்டுதான் எண்டு தருவினம், அளந்து போடுங்கோ.

உவர்மலை:
செய்தன் ஐயா. ஆள் இல்லாத நேரம் ரோட்டில ஒரே ஒரு தரம் அமத்திப் பாத்தன், ரெண்டு வெட்டு, நிப்பாட்டிட்டன். கோட் பி0301! சிரிப்புத்தான் வந்தது, அந்த ஒரு லட்சத்து எண்பதாயிரத்த நினைச்சு. கொயில் ஒண்டு எடுப்பிச்சுப் போட்டாச்சு. இப்ப வெட்டு அறவே இல்ல.

ஆனா ஐயா, கோவிக்காதேங்கோ, இன்னும் ஒரு குறை. வெட்டாது, ஆனா முந்தின உசார் இல்ல. மேல போகச் சோருது. நீங்கள் சொன்ன பலூன் மாதிரி.

கிண்ணியா:
நான் முதலே சொன்னனே பம்ப் எண்டு 😎

சீனன்குடா பழைய மெக்கானிக்:
இருக்கலாம், ஆனா மேப் சென்சரிட்டக் கேட்டா காசில்லாமச் சொல்லும். எஞ்சின் ஓட விடாம சாவிய ஒன்ல மட்டும் வச்சு ஸ்கானர்ல மேப் பாருங்கோ, நாங்க கடல் மட்டத்தில இருக்கிறதால 101 கிலோபாஸ்கல் பக்கம் காட்டோணும். அதுதான் வெளிக் காத்து. ஓடக்குள்ள அதுக்கு மேல ஏறுறதுதான் டர்போ தாற பூஸ்ட். பக்கத்தில இருக்கிற ஆளப் பாக்கச் சொல்லுங்கோ, நீங்கள் பாக்காதேங்கோ. பூஸ்ட் முழுசா ஏறியும் சோந்தா பெற்றோல் பக்கம் பாப்பம். பூஸ்டே ஏறேல்ல எண்டா காத்து எங்கயோ போகுது.

உவர்மலை:
சாவி ஒன்ல 101 அச்சொட்டா. முழுசா அமத்தினா 150 வரைக்கும் ஏறி 130க்கு இறங்குது எண்டு மனுசி வாசிச்சா. ஸ்ஸ்ஸ் எண்டு ஒரு சத்தமும் கேக்குதாம், எனக்குக் கேக்கேல்ல, அவக்குக் கேக்குது.

சீனன்குடா பழைய மெக்கானிக்:
அவக்கு ஒரு டூல் பொக்ஸ் வாங்கிக் குடுங்கோ. ஓஸ் லீக். டர்போல இருந்து காத்த ஆத்துற இன்டர்கூலருக்கும் அங்கயிருந்து த்ரொட்டிலுக்கும் போற ரப்பர் ஓஸ் எல்லாம் அடிப்பக்கம் விரல் விட்டுத் தடவுங்கோ. எங்கட ஊர் உப்புக்காத்துக்குக் கிளிப் துருப்பிடிச்சு இறுக்கம் விட்டிரும், மேல பாத்தா நல்லாத்தான் தெரியும். கண்டுபிடிக்கேலாட்டி டயர் கடைக்குப் போய், டர்போ வாயை ஒரு பிவிசி மூடியால அடைச்சு அதில டயர் வால்வ் பூட்டி, கொஞ்சமா, 10 பிஎஸ்ஐக்கு மேல போகாம காத்து விட்டு சவுக்காரத் தண்ணி பூசினா நுரை காட்டிக் குடுக்கும்.

உவர்மலை:
டயர் கடைக்காரர் முதல்ல என்னை விசரன் மாதிரிப் பாத்தார், பேந்து அவரே ஆர்வமாகி முழங்கால்ல நிண்டு சவுக்காரம் பூசினார். இன்டர்கூலரில இருந்து கீழ வாற ஓஸ், கிளிப்புக்குக் கிட்ட, அடிப்பக்கத்தில ரெண்டு சென்டிமீட்டர் வெடிப்பு. சும்மா இருக்கக்குள்ள மூடியிருக்கு, காத்து விட்டா மீன் வாய் திறக்கிற மாதிரித் திறக்குது. கிளிப் ஸ்க்ரூ துருவில கையோட உடைஞ்சு வந்திட்டுது.

ஓஸ் ஒண்டு பழைய சாமான் கடைல கிடைச்சுது, கிளிப் ரெண்டும் ஸ்டெய்ன்லெஸ். நேற்று கந்தளாய்ப் பக்கம் போய் வந்தன், மேப் 185, அப்படியே நிக்குது. அதே இடத்தில ஒரு லொறி, இந்தமுறை அம்மா கண்ணத் திறக்க முன்னம் தாண்டியாச்சு.

கிண்ணியா:
சரி சரி, பம்ப் இல்ல 😀 அந்தப் பழைய ஓஸ எறியாதீங்க, அளவுக்குத் தேவைப்படும், என்டதும் அதே வண்டிதான்.

நிலாவெளி:
எஞ்சின் கழுவவே கூடாதா அப்ப? என்ட வண்டி நாளைக்குச் சர்வீஸுக்குப் போகுது.

சீனன்குடா பழைய மெக்கானிக்:
ஈரத்துணியால துடைக்கச் சொல்லுங்கோ. பிரஷர் தண்ணி சில்லுக்கும் அடிப்பக்கத்துக்கும் அடிக்கட்டும், உப்புப் போக அது வேணும். கொயில் பக்கம் வேண்டாம். நீங்களும் பக்கத்தில நிண்டு நல்லா அடி எண்டு சொல்லாதேங்கோ.