கெர்ஷ்வினின் கைகளைப் பார்த்த இரவு

நான் பெரிய வித்வான் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்ட் வாசிப்பவன். வீட்டில் ஒரு பழைய அப்ரைட் பியானோ இருக்கிறது. அமெரிக்க இசையமைப்பாளர், பியானோ கலைஞர் ஜார்ஜ் கெர்ஷ்வின் மேல் மட்டும் பல வருடமாக ஒரு பைத்தியம். ப்ரெலூடு என்று அவர் பியானோவுக்கு எழுதிய சின்ன உருப்படிகளில் இரண்டாவதை மூன்று வருடமாக வாசித்து வந்தேன். கண்ணை மூடி, சுரத்தை நீட்டி ஒலிக்க வைக்கிற பெடலை மிதித்தபடி, ஒரு சுரம் அடுத்த சுரத்தில் போய்க் கரைகிற மாதிரி. கேட்டவர்கள் உருகினார்கள், எனக்கும் உள்ளூரக் கர்வம்தான்.

போன மாதம் ஒரு ராத்திரி தங்கை ஒரு லிங்க் அனுப்பினாள். "அண்ணா, உன் ஆளு" என்று மட்டும் எழுதியிருந்தாள். திறந்தால் கறுப்பு வெள்ளையில், கோடும் கீறலுமாக ஒரு படம். கெர்ஷ்வின் பியானோ முன்னால் உட்கார்ந்து 'ஐ காட் ரிதம்' வாசிக்கிறார். 1931 ஆகஸ்டில் நியூயார்க் பிராட்வேயில் மன்ஹாட்டன் தியேட்டர் திறந்தபோது எடுத்தது. ஒலியோடு அவர் வாசிப்பதைப் பிடித்த படங்கள் மிகக் குறைவு. பேசும் படமே வந்து நாலைந்து வருடம்தான் ஆகியிருந்தது. மனிதரும் 38 வயதில் போய்விட்டார்.

முதல் தடவை பார்த்தபோது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். குழைவே இல்லை. அடுப்படியிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்: "ஏங்க, யாராவது டைப் அடிக்கிறாங்களா?"

சிரித்தேன். ஆனால் அந்த வார்த்தை மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

இரண்டாம் தடவை வேகத்தைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தேன். இந்தப் பாட்டின் தொடக்கம் நான்கே சுரங்கள்: ப த ஸ ரி. அடுத்த வரியில் அதே நான்கும் திரும்பி இறங்குகின்றன: ரி ஸ த ப. மோகனம் தெரிந்த யாரும் உடனே பாடிவிடலாம். சூட்சுமம் கணக்கில் இருக்கிறது. இரண்டு பாரில், அதாவது நாலு நாலு அட்சரமாக இரண்டு தாளச் சுற்றில், மொத்தம் 16 அரை அட்சரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டைச் சும்மா விட்டுவிட்டு, பிறகு 3, 3, 3, கடைசியில் 5. தாளம் நாலு நாலாகப் போக, பாட்டு மூன்று மூன்றாக அதன் குறுக்கே நடக்கிறது. மிருதங்கக்காரர் யாரிடமாவது சொன்னால் "இவ்வளவுதானா" என்பார். ஆனால் இந்த இடறல் காதில் விழ வேண்டுமென்றால் ஒவ்வொரு சுரமும் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று துல்லியமாகத் தெரிய வேண்டும். பெடலை மிதித்தால் எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்து கணக்கு குழம்பிவிடும். கெர்ஷ்வின் அதைத்தான் வெட்டி வெட்டி வைக்கிறார். இடது கை கீழே ஒரு பாஸ் (கனத்த சுரம்), மேலே ஒரு கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கொத்து) என்று தாவிக்கொண்டே இருக்கிறது, வலது கை அதன் மேல் குறும்பு செய்கிறது.

இதெல்லாம் என் கண்டுபிடிப்பு இல்லை. 1932-இல் கெர்ஷ்வின் தன் பாடல்கள் 18-ஐ பியானோவுக்கு எழுதி ஒரு புத்தகமாக வெளியிட்டார். அதன் முன்னுரையிலேயே சொல்லியிருக்கிறார்: அமெரிக்க ஜனரஞ்சக இசையின் தாளம் மொறுமொறுப்பானது, எவ்வளவு கூர்மையாக வாசிக்கிறோமோ அவ்வளவு எடுபடும், சாஸ்திரீயப் பயிற்சி பெற்றவர்கள் ஷோபன் மாதிரி சாஸ்திரீய இசைக்குப் போடுகிற பெடலை அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ப்ளூஸ் இசைக்கும் போட்டுக் கெடுத்துவிடுகிறார்கள். அந்த முன்னுரையை நான் ஏற்கனவே படித்தவன்! படித்துவிட்டு நேராகப் பியானோவுக்குப் போய்ப் பெடலை மிதித்தவன். கையைக் கண்ணால் பார்க்கிற வரைக்கும் எனக்கு உறைக்கவில்லை.

பியானோ ரோல் இருக்கிறதே, அதில் தெரியாதா என்று இங்கே யாராவது கேட்கலாம். தானே வாசிக்கும் பியானோவில் ஓட்டுவதற்காகக் காகிதத்தில் துளை போட்டுப் பதிவு செய்த ரோல்கள் அவர் நிறையச் செய்திருக்கிறார். பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கிற அவருடைய 'ராப்சடி இன் ப்ளூ'வின் ரோலும் உண்டு. ஆனால் அதில் பியானோ பங்கோடு ஆர்கெஸ்ட்ரா பங்கையும் அவரே சேர்த்து வாசித்திருக்கிறார். இரண்டு கையால் ஒரே நேரத்தில் ஆகிற காரியமில்லை. துளையை அப்புறமும் வெட்டலாம், ஒட்டலாம். கேட்க அற்புதமாக இருக்கும், ஆனால் அந்த ஆள் உட்கார்ந்து என்ன செய்தார் என்று அதை வைத்துச் சத்தியம் பண்ண முடியாது. 1928-இல் லண்டனில் அவர் பதிவு செய்த ப்ரெலூடு இசைத்தட்டைத்தான் நான் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். இழுப்பே கிடையாது, விறுவிறுவென்று போகிறார். பழைய இசைத்தட்டு என்றால் அப்படித்தான், ஒரு பக்கத்தில் அடக்க அவசரப்பட்டிருப்பார் என்று நானே ஒரு சமாதானம் சொல்லி ஒதுக்கியிருந்தேன்.

ரோலைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்ல வேண்டும். சின்ன வயதில் அவர் வீட்டில் பியானோ இல்லை. தானே வாசிக்கும் பிளேயர் பியானோ ஒன்று தெரிந்தவர் வீட்டில் இருந்தது. ரோல் ஓடும்போது கட்டைகள் தானாக இறங்கும் அல்லவா, பையன் அவற்றின் மேல் விரலை வைத்து வைத்துப் பழகியிருக்கிறான். 1910-இல் அண்ணன் ஐரா கற்றுக்கொள்ளட்டும் என்று வீட்டார் ஒரு பியானோ வாங்கினார்கள், அது ஜன்னல் வழியாக உள்ளே வந்து இறங்கியது. உட்கார்ந்து வாசித்தது தம்பி. வீட்டில் எல்லாரும் வாயடைத்துப் போனார்களாம். ஐரா பாடல் எழுதப் போய்விட்டார். 'ஐ காட் ரிதம்' வரிகளும் ஐராவுடையவைதான், 1930-இல் 'கேர்ள் க்ரேஸி' நாடகத்துக்காக எழுதியவை.

ஆளில்லாமல் இறங்குகிற கட்டையைப் பார்த்துக் கற்றவரின் கையை, ஆளே இல்லாமல் போன பிறகு நான் போன் திரையில் பார்த்துக் கற்றுக்கொள்கிறேன். ராத்திரி ஒரு மணிக்கு இப்படியெல்லாம் தோன்றும், மன்னிக்கவும்.

அந்தத் தியேட்டர் இன்னும் இருக்கிறது. 1927-இல் ஹாமர்ஸ்டைன் தியேட்டர் என்று கட்டியது, பிறகு மன்ஹாட்டன், இப்போது எட் சல்லிவன் தியேட்டர். 1964-இல் பீட்டில்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் முதன்முதலில் நேரலையாக வாசித்த இடம் அதேதான்.

மூன்றாம் தடவை பார்த்தபோது ரசிக்க முடியவில்லை. 1937 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸில் ஆர்கெஸ்ட்ராவோடு பியானோ வாசிக்கிற தன்னுடைய கன்செர்ட்டோவையே வாசித்துக்கொண்டிருந்தபோது கெர்ஷ்வினுக்குச் சில இடம் சட்டென்று மறந்துபோனது. ரப்பர் கருகுகிற வாடை வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். தலைவலி, மயக்கம். மூளையில் கட்டி என்று தெரிவதற்குள் நினைவு தப்பிவிட்டது. ஜூலை 11 அன்று இறந்தார். படத்தில் இருப்பவருக்கு இது எதுவும் தெரியாது. 32 வயது, கை பறக்கிறது.

சரி, என் கதைக்கு வருகிறேன். மறுநாளே ப்ரெலூடைப் பெடல் இல்லாமல் வாசித்துப் பார்த்தேன். அசிங்கமாக இருந்தது. கரைசலுக்குள் இவ்வளவு நாள் ஒளிந்திருந்த தப்பெல்லாம் வெளியே வந்தது. இடது கை மூன்றாவது விரல் தாமதமாக விழுகிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது. இரண்டு வாரம் அந்த ஒரு விரலுக்காகவே உட்கார்ந்தேன். இப்போது கொஞ்சம் பெடலைத் திரும்பச் சேர்த்திருக்கிறேன். மெதுவான பாட்டுக்கு அது வேண்டியதுதான், அவரும் ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எங்கே மிதிக்கிறேன் என்று தெரிந்து மிதிக்கிறேன்.

பழக்கதோஷத்தில் போன ஞாயிறு சர்ச்சிலும் கால் பெடல் பக்கம் போகவில்லை. பாடல் குழுவில் இருக்கிற அத்தை ஒருவர் ஆராதனை முடிந்ததும் அருகில் வந்து, "ஏம்ப்பா, பெடல் வயர் அறுந்துபோச்சா?" என்றார்.

'ஸ்டிரைக் அப் த பேண்ட்' இசை நாடக ஒத்திகையில் கெர்ஷ்வின் வாசிக்கும் இன்னொரு பேசும் படத்துண்டும் இருக்கிறது. அதில் நான் கொஞ்சம்தான் பார்த்திருக்கிறேன். முழுசாகப் பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள், அதிலும் கை இப்படித்தான் போகிறதா என்று தெரிய வேண்டும்.