பில் மெஷின் வந்த பிறகு கெஷியர் பிள்ளைகளுக்கு மனக்கணக்கும் ஆட்களோடு கதைக்கிற பழக்கமும் விட்டுப்போகாமல் இருக்க என்ன வழி?

காலிவீதிக் கடை:
வெள்ளவத்தையில் பலசரக்குக் கடை. ஸ்கேனர், லேபல் அடிக்கும் தராசு, பில் பிரிண்டர் எல்லாம் பூட்டியாச்சு. ஸ்டொக் கணக்கு முன்னைவிடத் துப்பரவு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கெஷியரில் நிற்கிற பிள்ளைகளுக்கு மனக்கணக்கு வருவதில்லை. திரையில் மிச்சக்காசு விழுந்த பிறகு ஆள் சில்லறை நீட்டினால் திகைத்துப்போகிறார்கள். கறண்ட் போனால் வியாபாரமே நிற்கிறது. வாயால் தொகையைச் சொல்லாமல் திரையைத் திருப்பிக் காட்டுவது வேறு. மெஷினைக் கழற்றும் எண்ணம் இல்லை. என்ன செய்யலாம்?

கணக்குப்பிள்ளை:
மிச்சக்காசைக் கழித்துப் பார்க்கப் பழக்க வேண்டாம், கூட்டிக் கொடுக்கப் பழக்குங்கோ. பில் 1,385 ரூபா, தந்தது 5,000 ரூபாத் தாள் என்று வைப்போம். 15 ரூபா வைத்தால் 1,400. நூறு வைத்தால் 1,500. ஐந்நூறு வைத்தால் 2,000. பிறகு ஆயிரம் மூன்று, கணக்கு 5,000இல் முடிந்தது. ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லி மேசையில் வைக்க வேண்டும். எதிரில் நிற்பவரும் கூடவே எண்ணுவார். எண்ணி முடியும்வரை அந்தத் தாளை லாச்சிக்குள் போடக்கூடாது. ‘நான் தந்தது ஐயாயிரம்’, ‘இல்லை, ஆயிரம்தான்’ என்ற சண்டை அங்கேதான் தொடங்கும்.

சில்லறைத் திகைப்புக்கு ஒரே விதி: பிறகு தருகிற சில்லறையைத் திரையில் நிற்கிற மிச்சத்தோடு கூட்டு. திரை 3,615 காட்டுகிறது, அவர் 85 ரூபா நீட்டுகிறார். கொடுக்க வேண்டியது 3,700. ஆயிரம் மூன்று, ஐந்நூறு ஒன்று, நூறு இரண்டு. பில்லை அழித்துத் திரும்ப அடிக்கத் தேவையே இல்லை, லாச்சியில் சேரும் காசு எப்படியும் 1,385தான்.

நிறுத்துக் கொடுக்கிற சாமானுக்குக் கால் கிலோ வாய்பாடு போதும். கிலோ 320 என்றால் கால் 80, அரை 160, முக்கால் 240. முக்கால் கிலோவுக்குத் திரையில் 2,400 விழுந்தால் கை தானாக நிற்க வேண்டும். மெஷின் உள்ள கடையில் மனக்கணக்குக்கு மிஞ்சியிருக்கும் பெரிய வேலை இந்தப் பிழை பிடிப்பதுதான்.

பில்லிங் வேலைக்காரன்:
மெஷின் எதைப் பிடிக்கும், எதை விடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கோ. பார்கோட்டின் 13 இலக்கங்களில் கடைசி இலக்கம் மற்றப் பன்னிரண்டையும் காவல் காக்கிறது. இடப்பக்கமிருந்து ஒற்றை இடத்து இலக்கங்களை அப்படியே கூட்டி, இரட்டை இடத்து இலக்கங்களின் கூட்டுத்தொகையை மூன்றால் பெருக்கிச் சேர்த்தால், அடுத்த பத்துக்கு எவ்வளவு குறைகிறதோ அதுவே கடைசி இலக்கம். அதனால் கையால் அடிக்கும்போது ஓர் இலக்கம் பிசகினாலும் மெஷின் ஏற்காது. ஆனால் 2 பக்கெற்றுக்கு 22 என்று அடித்தாலும், சம்பாவுக்கு நாட்டரிசியின் குறியீட்டைப் போட்டாலும், விலை மாற்ற மறந்திருந்தாலும் மெஷினுக்கு எல்லாம் சரிதான்.

இன்னொன்று: ஸ்கேனர் கொம்பியூட்டருக்கு ஒரு கீபோர்ட் மாதிரி. கேர்சர் ‘பெற்ற காசு’ கட்டத்தில் நிற்கும்போது ஒரு பிஸ்கட் பக்கெற்றை ஸ்கேன் பண்ணினால், இலங்கைத் தயாரிப்புகளில் வழக்கமாக 479இல் தொடங்கும் அந்த 13 இலக்கமும் காசாகப் பதிந்துவிடும். கடைசி நேரத்தில் சாமான் கூட்டினால் முதலில் அந்தக் கட்டத்தை மூட வேண்டும்.

தராசுத் தட்டு வெறுமையாக இருக்கையில் 0.000 நிற்கிறதா என்று பார்த்த பிறகே நிறுக்க வேண்டும். டப்பாவை வைத்து, அதன் நிறையைக் கழிக்கும் டெயர் பட்டனை அழுத்தாவிட்டால் அதன் நிறைக்கும் ஆள் காசு கட்டுவார். அழுத்திய டெயரை எடுக்காமல் அடுத்ததை நிறுத்தால் நட்டம் உங்களுக்கு. ஃபான் காற்று நேரே பட்டாலும் இலக்கம் ஆடும்.

கறண்ட் விஷயத்தில் யூ.பி.எஸ்.ஸை நம்பி இருக்க வேண்டாம். சின்ன யூ.பி.எஸ். கையில் இருக்கும் பில்லை முடித்துக் கொம்பியூட்டரை ஒழுங்காக நிறுத்தத்தான் உதவும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள், அதற்கு எந்தச் சின்னப் பட்டரி தாங்கும்? இலக்கமிட்ட காபன் பில் புத்தகம், கல்குலேட்டர், நிறுத்து விற்கும் சாமான்களின் அச்சடித்த விலைப்பட்டியல், இத்தனையும் கெஷியர் மேசைக்குள் கிடக்கட்டும். கறண்ட் வந்ததும் பில் இலக்க வரிசையிலேயே பதியுங்கோ, இல்லாவிட்டால் ஸ்டொக் குழம்பும்.

பம்பலப்பிட்டி அக்கா:
பழைய காலத்தை அவ்வளவு புகழ வேண்டாம். கடன் கொப்பியிலும் பிழை நடந்தது, தெரியாதவர்கள் ஏமாந்தும் போனார்கள். விலை அச்சாகி வருவது பலவீனமானவருக்குப் பாதுகாப்பு. கேள்வி மெஷின் மிச்சம் பிடித்துத் தரும் நேரத்தைப் பற்றியது. அது வரிசையைத் தள்ளுவதற்கே போனால் முகம் பார்க்க நேரம் எங்கே?

திரையை கெஷியருக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் வைக்காதீங்கோ, பக்கவாட்டில், கண் மட்டத்துக்குக் கீழே வையுங்கோ. பிள்ளையின் முதல் பேச்சு ‘போன் நம்பர் சொல்லுங்கோ’ என்பதாக இருக்கக்கூடாது. முதலில் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை, பிறகு ஸ்கேனர். நம்பரைச் சத்தமாகத் திருப்பிச் சொல்வதும் வேண்டாம், பின்னால் நிற்பவருக்கும் காது இருக்கிறது. தொகையை வாயால் சொல்ல வேண்டும், சிங்களத்தில் கேட்பவருக்குச் சிங்களத்தில். வெள்ளவத்தையில் இது இல்லாமல் முடியாது. கண் மங்கியவருக்குத் திரையைத் திருப்புவதால் என்ன பிரயோசனம்? கியூஆர் கட்டும்போது மெசேஜ் வரப் பிந்தினால், வயதானவரைக் குற்றவாளி மாதிரி நிறுத்தி வைக்காமல் ஒரு கதிரை போடுங்கோ.

காலிவீதிக் கடை:
நன்றி. பயிற்சியை எப்போது வைப்பது? கறண்ட் போகும் நாளிலா?

கணக்குப்பிள்ளை:
அன்றைக்கு வைத்தால் பிந்திப்போச்சு. 2009இல் ஏர் பிரான்ஸ் 447 விமானத்தில் வேகம் அளக்கும் குழாய்களைப் பனிக்கட்டி அடைத்தது, தானியங்கி ஓட்டி விலகியது. கையால் ஓட்ட வேண்டி வந்த அந்தச் சில நிமிடங்களில் விமானிகள் தடுமாறினார்கள். 228 பேர் இறந்தார்கள். வழமையான பறப்பிலேயே கையால் ஓட்டிப் பழக விடுங்கள் என்று 2013இல் அமெரிக்க விமானத்துறை நிர்வாகம் நிறுவனங்களுக்குச் சொன்னது.

கடைக்கும் அதே முறைதான். மெஷின் நன்றாக ஓடும்போது, கூட்டம் குறைந்த பின்மதியத்தில், ஐந்து சாமானுக்கு உட்பட்ட பில்லின் கூட்டுத்தொகையைத் திரை காட்டுமுன் பிள்ளை வாயால் மதிப்பிடட்டும். பத்து ரூபா முன்பின் என்றால் போதும். கிழமைக்கு ஒரு தடவை அரை மணித்தியாலம் காபன் புத்தகத்தில் எழுதி, அதையே பிறகு மெஷினில் அடித்து ஒப்பிடுங்கோ. எல்லாப் பிள்ளைகளும் முறைவைத்துச் செய்ய வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளையிடமே ஒவ்வொரு முறையும் கொடுத்தால், அந்தப் பிள்ளை லீவு எடுக்கும் நாளில்தான் கறண்ட் போகும்.