என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து லீக்) வரலாற்றில் தலைசிறந்த ஓட்டம் எது? லின்ச்தான் என்கிறேன், மறுப்பவர்கள் வரலாம்

முட்டிமோதி:
விதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹேண்ட்ஆஃப் (கையோடு கையாகப் பந்து) வாங்கி ஓடியது, அல்லது ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் தானே பந்தை வைத்துக்கொண்டு ஓடியது மட்டும்தான் கணக்கு. பாஸ் பிடித்து ஓடியது, கிக் ரிட்டர்ன் எல்லாம் வேறு திரி.

என் ஓட்டு மார்ஷான் லின்ச்சுக்கு. 2011 ஜனவரி 8, சியாட்டில். அந்த சீசனில் சீஹாக்ஸ் 7 வெற்றி, 9 தோல்வி. இந்த லட்சணத்தில் இவர்களுக்குப் பிளேஆஃப் ஒரு கேடா என்று எல்லோரும் கேலி செய்துகொண்டிருந்தார்கள். எதிரில் நடப்பு சாம்பியன் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ். கடைசி குவார்ட்டரில் சியாட்டில் 34-30 என முன்னிலை, மூன்றரை நிமிடம் சொச்சம்தான் பாக்கி. கடிகாரத்தைக் கரைத்தால் போதும் என்று லின்ச்சிடம் பந்தைக் கொடுக்கிறார்கள். இடைவெளியிலேயே ஒரு லைன்பேக்கர் (தடுப்பு வீரர்) மோதுகிறார், அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஒருவர் காலைப் பிடிக்கிறார், இன்னொருவர் முதுகில் விழுகிறார், எல்லோரையும் உதறிவிட்டுப் போகிறார். ட்ரேசி போர்ட்டர் பக்கவாட்டில் வந்து பிடிக்கப் பார்க்க, ஒரே கையால் ஒரு தள்ளு. போர்ட்டர் பறந்துபோய்த் தரையில் விழுகிறார். 67 யார்டு, கடைசிக் கோட்டைத் தாண்டி டச்டவுன். கூட்டம் குதித்த குதியில் மைதானத்துக்குப் பக்கத்திலிருந்த நிலநடுக்கமானியில் அதிர்வு பதிவானது. ஆட்டம் 41-36-ல் முடிந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

நாலாவது டவுன்:
கோப்பை வேண்டும். அடுத்த சுற்றிலேயே சியாட்டில் வெளியே போய்விட்டது, அதை ஏன் சொல்லவில்லை?

ஜான் ரிக்கின்ஸ். 1983 ஜனவரி 30, பாசடீனா, சூப்பர் பவுல் (இறுதி ஆட்டம்). மயாமி 17, வாஷிங்டன் 13. கடைசி குவார்ட்டரில் பத்து நிமிடம் இருக்கிறது, நான்காவது டவுன் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் கடைசி), ஒரு யார்டு வேண்டும். கிடைக்காவிட்டால் பந்து மயாமிக்கு. மயாமி எல்லைக்குள் 43-வது யார்டில் நிற்கிறார்கள், பன்ட் அடிப்பதுதான், அதாவது பந்தைத் தூரமாக உதைத்து எதிரணிக்கு விடுவதுதான் வழக்கமான புத்தி. கோச் ஜோ கிப்ஸ் அடிக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும், ரிக்கின்ஸ் இடது பக்கம்தான் ஓடுவார். மயாமிக்கும் தெரியும். ஓடினார். மயாமியின் டான் மெக்நீல் மார்பைப் பிடித்துத் தொங்கியும் நிற்கவில்லை. 43 யார்டு டச்டவுன், வாஷிங்டன் முன்னிலை, கடைசியில் 27-17. வயது 33, அன்று 38 முறை பந்தைத் தூக்கியிருக்கிறார். ஒரு சூப்பர் பவுலே திரும்பிய ஓட்டம் இது. பிளேஆஃபின் முதல் சுற்றான வைல்டு கார்டில் நான்கு புள்ளி முன்னிலையில் இருக்கும்போது ஓடியதை இதற்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

சும்மா ஒருத்தன்:
2024-ல் சாக்வான் பார்க்லி முதுகைக் காட்டிக்கொண்டே ஒருவர் தலைக்கு மேல் தாவினாரே, அதை ஏன் யாரும் சொல்லவில்லை?

முட்டிமோதி:
அது பாஸ் பிடித்து ஓடியது தம்பி. முதல் பத்தியைப் படித்துவிட்டு வாருங்கள்.

பழைய ரீல்:
ரிக்கின்ஸ் ரசிகரே, மெக்நீல் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். ஸ்நாப்புக்கு (பந்து ஆட்டத்துக்கு வரும் கணத்துக்கு) முன்னால் வாஷிங்டனின் கிளின்ட் டிடியர் ஒரு பக்கம் நகர்ந்து சட்டென்று திரும்புகிறார். அவரைத் தொடர்ந்த மெக்நீல் திரும்பும்போது வழுக்குகிறார். எழுந்து ஓடிவருவதற்குள் ரிக்கின்ஸ் முழு வேகத்தில் வந்துவிட்டார். அதனால்தான் சட்டை மட்டும் கையில் சிக்கியது. அன்று மெக்நீல் கால் வழுக்காமல் இருந்திருந்தால் உங்கள் ஓட்டம் ஒரு யார்டோ இரண்டு யார்டோ.

ஓட்டம் என்றால் கண் அதை நம்ப மறுக்க வேண்டும். மார்கஸ் ஆலன், 1984 ஜனவரி 22, டாம்பா, சூப்பர் பவுல், வாஷிங்டனுக்கு எதிராக ரெய்டர்ஸ். இடது பக்கம் போகிறார், அங்கே ஆள் நிற்கிறது. அப்படியே முழு வட்டமாகத் திரும்பி, பின்னால் ஓடி, திடீரென்று நடுவில் ஒரு இடைவெளியைப் பார்த்து நுழைகிறார். 74 யார்டு. திட்டம் கெட்டுப்போன பிறகு பிறந்த ஓட்டம். பந்தோடு ஓடுவதையே வேலையாகக் கொண்ட ரன்னிங் பேக் என்றால் அதுதான்.

இன்னொன்று, 1978-ல் ஏர்ல் கேம்பல், ராம்ஸ் அணிக்கு எதிராக. ஐசையா ராபர்ட்சன் நேரே வருகிறார். கேம்பல் விலகவில்லை, ஹெல்மெட்டை அவர் மார்பில் இறக்கிவிட்டுப் போகிறார். பின்னால் துரத்தியவர்கள் சட்டையைப் பிடித்து இழுக்க, அது வெங்காயத் தோல் மாதிரி உரிந்து கையோடு வருகிறது. டச்டவுன் இல்லை, ஆட்டத்திலும் தோல்வி. இருந்தாலும் ஒருமுறை பார்த்தவர் மறப்பாரா?

நாலாவது டவுன்:
ஆலன் ஓடும்போது ஸ்கோர் 28-9. ரெய்டர்ஸ் 19 புள்ளி முன்னிலை. அந்த நேரத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் வட்டமடிக்கலாம், யார் கேட்கப்போகிறார்கள்?

பழைய ரீல்:
சரி, நீங்களே வாயைக் கொடுத்ததால் சொல்கிறேன். அந்த ஓட்டத்துக்கு முந்தைய பிளே என்ன தெரியுமா? வாஷிங்டனுக்கு நான்காவது டவுன், ஒரு யார்டு வேண்டும், பந்து ரிக்கின்ஸ் கையில். போன வருடம் போலவே. ரெய்டர்ஸின் ராட் மார்ட்டின் நிறுத்திவிட்டார், ஒரு அங்குலம் நகரவில்லை. பந்து ரெய்டர்ஸுக்கு வந்தது. அடுத்த பிளேயே ஆலன்.

வரிசைக்காரன்:
இவ்வளவு பேசியும் முன்வரிசையில் நின்று வழிவிடும் லைன்மேன் ஒருவரின் பெயர்கூட இந்தத் திரியில் வரவில்லையே. ரிக்கின்ஸ் முன்னால் நின்ற 'ஹாக்ஸ்' (வாஷிங்டன் லைன்மேன்களின் பட்டப்பெயர்) இல்லாமல் அவர் எங்கே போயிருப்பார்?

உங்கள் எல்லோரின் ரசனையையும் ஒரே கேள்வியில் சோதிக்கலாம். சூப்பர் பவுலின் மிக நீளமான ஓட்டம் யாருடையது? ஆலன் என்பீர்கள். இல்லை, 2006-ல் பிட்ஸ்பர்க் வீரர் வில்லி பார்க்கர், 75 யார்டு. ஆலனைவிட ஒரு யார்டு கூடுதல். யாரும் அதைப் பேசுவதில்லை, ஏனென்றால் யாரும் அவரைத் தொடவில்லை. ஆலன் ஃபனேகா என்ற லைன்மேன் இடத்தைவிட்டு வலப்பக்கம் ஓடிப்போய் ஒரு பிளாக் போட்டார், கதவு திறந்தது. சரியாக வேலை செய்த பிளேவுக்குப் புகழ் இல்லை, சொதப்பிய பிளேவை ஒருவர் காப்பாற்றினால் சிலை வைக்கிறீர்கள்.

என் ஓட்டு ஒரே ஒரு யார்டுக்கு. 1967 டிசம்பர் 31, கிரீன் பே, என்.எஃப்.எல். சாம்பியன்ஷிப். வெப்பம் மைனஸ் 25 செல்சியஸ். தரைக்கு அடியில் சூடேற்றும் அமைப்பு வேலை செய்யாமல் மைதானம் கண்ணாடி மாதிரி உறைந்துகிடந்தது. நடுவர்களின் விசில்கூட உறைந்துபோக, வாயால் கத்தித்தான் ஆட்டத்தை நிறுத்தினார்கள். டல்லஸ் 17, கிரீன் பே பேக்கர்ஸ் 14. 16 விநாடி, மூன்றாவது டவுன், டைம்அவுட் எல்லாம் தீர்ந்தாயிற்று. முந்தைய இரண்டு முறையும் டானி ஆண்டர்சன் கால் ஊன்ற முடியாமல் நின்றுபோனார். பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து ஃபீல்டு கோல் (மூன்று புள்ளி) அடித்தால் சமன். குவார்ட்டர்பேக் பார்ட் ஸ்டார் கோச் லொம்பார்டியிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார். ஹடிலில் (வீரர்கள் கூடிப் பேசும்போது) சொன்ன பிளேபடி பந்து சக் மெர்சீனுக்குப் போக வேண்டும். ஸ்டார் யாரிடமும் மூச்சுவிடாமல் தானே வைத்துக்கொண்டு லைன்மேன் ஜெரி கிரேமர் பின்னால் விழுந்தார். கிரேமரும் சென்டர் கென் போமனும் டல்லஸின் ஜெத்ரோ பியூவைத் தள்ளிய இடம்தான் வழி. 21-17. தவறியிருந்தால் கடிகாரம் ஓடி முடிந்திருக்கும், கோல் அடிக்க நேரமே கிடைத்திருக்காது.

முட்டிமோதி:
ஒரு யார்டு தரையில் விழுந்ததை ஓட்டம் என்கிறீர்கள். நன்றாக இருக்கிறது.

சும்மா ஒருத்தன்:
அப்போ 99 யார்டு? டோனி டோர்செட், 1983 ஜனவரியில் மினசோட்டாவுக்கு எதிராக. அதைவிட நீளமாக ஓடவே முடியாது. அதுவும் டல்லஸ் பக்கம் 10 பேர்தான் களத்தில், ரான் ஸ்பிரிங்ஸ் குழப்பத்தில் வெளியே நின்றுவிட்டார்.

நாலாவது டவுன்:
டல்லஸ் அந்த ஆட்டத்தில் 31-27 என்று தோற்றது. 99-தான் வேண்டுமென்றால் டெரிக் ஹென்றி, 2018. ஜாக்சன்வில் ஆட்களை வழிநெடுகக் கையால் அடுக்கிவிட்டுப் போனார்.

பழைய ரீல்:
பேரி சாண்டர்ஸ் பெயரே வராமல் திரி இத்தனை தூரம் வந்தது வெட்கக்கேடு. 1997-ல் டாம்பாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 80 யார்டு, 82 யார்டு.

வரிசைக்காரன்:
1994 டிசம்பர் 31-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிரீன் பேயில் பிளேஆஃப், அதே பேரி 13 முறை ஓடி மொத்தம் மைனஸ் ஒரு யார்டு. முன்னால் இருப்பவன் தோற்றால் மந்திரமும் பலிக்காது என்பதற்குத்தான் சொல்கிறேன்.

முட்டிமோதி:
லின்ச்சின் ஓட்டத்தில் மட்டும் லைன் இல்லையா என்ன? மறுபடி பாருங்கள், கடைசி 20 யார்டில் லைன்மேன்கள் மூச்சு வாங்க ஓடிவருகிறார்கள், குவார்ட்டர்பேக் ஹாசல்பெக்கும் பிளாக் செய்ய ஆள் தேடி வருகிறார். முதல் அடியில் இடைவெளி, நடுவில் தனி ஆள் பலம், முடிவில் முழு அணி. நீங்கள் ஆளுக்கொன்றாகக் கேட்டதெல்லாம் ஒரே ஓட்டத்தில் இருக்கிறது.

கோப்பை இல்லை என்பது மட்டும்தான் குறை. அதற்கும் 2015 பிப்ரவரியில் வழி வந்தது. சூப்பர் பவுல், நியூ இங்கிலாந்து 28, சியாட்டில் 24, ஒரு யார்டு, 26 விநாடி. முந்தைய பிளேயில் நான்கு யார்டு ஓடிக் கொண்டுவந்து வைத்தவரே லின்ச்தான். அவரிடம் கொடுக்காமல் பாஸ் போட்டார்கள், மால்கம் பட்லர் பறித்துக்கொண்டார்.

நாலாவது டவுன்:
கொடுக்காத பந்துக்கு ஓட்டு கிடையாது. ரிக்கின்ஸிடம் கொடுத்தார்கள்.

பழைய ரீல்:
இரண்டு தடவை கொடுத்தார்கள்.