கிராவல் ஷூ வாங்கும்போது நடந்து பாருங்கள்: எங்கள் அனுபவங்கள்

அமெரிக்காவின் கேன்சஸில் எம்போரியா பக்கம் நான்கு வருடமாக கிராவல், அதாவது கல்லும் மண்ணுமான சாலைகளில் சைக்கிள், ஓட்டுகிறேன். இந்தப் பகுதிக்கு ஃபிளின்ட் ஹில்ஸ் என்று பெயர். மண்ணைக் கொஞ்சம் கீறினாலே சுண்ணாம்புப் பாறையும் சிக்கிமுக்கிக் கல்லும்தான். ஏர் ஓட்ட முடியாததால்தான் இங்கே புல்வெளி இன்னும் மிச்சமிருக்கிறது. 2006-இல் தொடங்கிய பந்தயம், இப்போது அன்பவுண்ட் என்று அழைக்கிறார்கள், அதுவும் இந்தச் சாலைகளில்தான் நடக்கிறது. அதன் பிரதான தூரம் 200 மைல்.

என் முதல் ஷூ கார்பன் அடிப்பாகம் கொண்டது. கடையில் சைக்கிளில் ஏறி மிதித்துப் பார்த்தபோது அவ்வளவு பிடித்திருந்தது. நடந்து பார்க்கவில்லை. தப்பு அங்கேதான்.

ஒரு ஏப்ரல் மாதம், முந்தின நாள் நல்ல மழை. மண்சாலை ஒன்றில் திரும்பி நூறு அடிகூடப் போகவில்லை, கேழ்வரகுக் களி மாதிரி சேறு டயரில் அப்பி, ஃபிரேமுக்குள் அடைத்து, சக்கரம் நின்றுவிட்டது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் நடந்தேன். கார்பன் துளியும் வளையாது. ஒவ்வொரு அடிக்கும் குதிகால் ஷூவைவிட்டு மேலே எழும்பியது. பாதி வழியிலேயே இரண்டு குதிகாலும் கொப்புளம்.

கல் சாலைக்கு வந்தால் கிளீட், அதாவது ஷூவின் அடியில் பெடலோடு பூட்டிக்கொள்ளும் துண்டு, பெடலில் மாட்டவில்லை. உள்ளூர்க்காரர்கள் பெயிண்ட் கலக்கும் மரக்குச்சியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவது ஏன் என்று அன்றுதான் புரிந்தது. ஒரு சுள்ளியால் சுரண்டி ஒருவழியாக மாட்டினேன். அடுத்த சந்திப்பில் நிறுத்துவதற்காக, கிளீட்டைப் பெடலிலிருந்து விடுவிக்க, இடது குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினேன். ஷூ திரும்பியது, கிளீட் திரும்பவில்லை. கிளீட்டை ஷூவோடு பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டில் ஒன்று எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது. மிச்சமிருந்த ஒன்றை அச்சாக வைத்து ஷூ மட்டும் சுற்றுகிறது. அப்படியே இடதுபக்கம் சாய்ந்து விழுந்தேன். படுத்தபடியே ஷூவை இறுக்கும் டயலைத் திறந்து காலை உருவினேன். ஷூ பெடலிலேயே தொங்கியது, நான் சாக்ஸோடு கல்லில் நின்றேன்.

இப்போது போடுவது நைலான் அடிப்பாகம், விரல் பக்கம் சற்று வளையும், அடியில் உள்ள ரப்பர் பட்டை ஆழமாக இருக்கும். இதைச் சாயங்காலம் போய் வாங்கினேன், அப்போதுதான் கால் வீங்கியிருக்கும். கடைப் படிக்கட்டில் நுனிக்காலால் ஏறிப் பார்த்தேன், குதிகால் நழுவவில்லை. செருப்போடு வளர்ந்த கால் என்னுடையது, முன்பக்கம் அகலம். அதனால் அகல அளவையே கேட்டு வாங்கினேன். நீளத்தைக் கூட்டி அகலத்தைச் சரிக்கட்டாதீர்கள், கிளீட் நிற்க வேண்டிய இடமே மாறிவிடும். கிளீட்டை மூன்று போல்ட்டால் மாட்டும், தார்ச்சாலை சைக்கிளுக்கான ஷூ இந்த வேலைக்கு ஆகாது. கிளீட் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். இரண்டு போல்ட் கிளீட் ரப்பர் பட்டைகளுக்கு நடுவே உள்ளடங்கியிருப்பதால் நடக்க முடிகிறது.

போல்ட்டுக்கு கிரீஸ் தடவி 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் வரை முறுக்குகிறேன். முதல் சவாரி முடிந்ததும் ஆலன் கீயை (போல்ட் முறுக்கும் அறுகோணச் சாவி) எடுத்து மறுபடியும் பார்க்கிறேன்.

பொள்ளாச்சியில் சைக்கிள் ஓட்டும் தம்பி எழுதியது: அண்ணா, இங்கே எங்களுக்குச் சேறு இரண்டாம்பட்சம், சீமைக்கருவேல முள்தான் பெரிய தொல்லை. வாய்க்கால் கரையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தபோது ரப்பர் பட்டை இல்லாத நடுப்பகுதியில் ஒன்று ஏறி இன்சோல் வரைக்கும் வந்துவிட்டது. அப்புறம் ஷூ வாங்கினால் முதலில் அடிப்பாகத்தைத்தான் கவிழ்த்துப் பார்ப்பேன். மழையில் நனைந்தால் இன்சோலை உருவி, தினத்தாளைக் கசக்கித் திணித்து, ஃபேனுக்குக் கீழே வைப்பேன். இரண்டு மணி நேரத்தில் தாள் ஊறிவிடும், மாற்ற வேண்டும். வெயிலில் காயவைத்த என் பழைய ஷூவில் நுனிப்பக்கம் பசை விட்டு வாய் பிளந்துவிட்டது.

தம்பிக்கு என் பதில்: பசை விஷயம் ரொம்பச் சரி. இங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் பக்கத்தில் வைத்தாலும் அதே கதிதான். வாஷிங் மெஷினிலும் போடாதே. வெதுவெதுப்பான தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும். போல்ட் தலையின் குழியில் மண் இறுகினால் ஆலன் கீ உட்காராமல் வழுக்கி குழியின் முனையை மழுக்கிவிடும். நான் அந்தக் குழியில் மெழுகுவத்தியை உருக்கி ஒரு சொட்டு விடுகிறேன். கழற்ற வேண்டிய நாளில் குண்டூசியால் நெம்பினால் முழுசாக வந்துவிடுகிறது.